ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்? மாணவர்களும் பெற்றோர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மாலையில் கணக்கு சொல்லித்தருகிறேன். ஜூனில் பள்ளி திறப்பதிலிருந்து மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு முடியும்வரை என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வினாத்தாள் பற்றிய சில வரிகளைத் தள்ளிவிட்டால் சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம்?

பள்ளி நேரம் போக, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு மணி நேரம். ஒன்பதாம் வகுப்புக்கு ஒன்றரை. பத்தாம் வகுப்புக்கு இரண்டு முதல் இரண்டரை. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு மூன்று. தேர்வு விடுமுறை நாட்களில் ஆறு, ஏழு மணி நேரம் வரை போகலாம்.

இது என் கணக்கு, அரசாணை இல்லை. டியூஷனில் நீங்களே எழுதிப் பார்க்கும் நேரத்தை இதில் சேர்த்துக்கொள்ளலாம். சார் நடத்த, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தைச் சேர்க்க வேண்டாம்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிஸ் கூப்பர், வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2006-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் வரை வீட்டுப்பாடம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடுகிறது, அதற்குமேல் சேர்க்கும் நேரத்துக்கு அவ்வளவு பலன் தெரியவில்லை என்பது அதில் வந்த முடிவு. வேறு நாடு, வேறு தேர்வு முறை. அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனாலும் நம்மூர்ப் பிள்ளைகளிடமும் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கண் புத்தகத்தில் இருக்கும், மனம் வேறெங்கோ போய்விடும்.

அடுத்த வீட்டுப் பையன் பத்து மணி நேரம் படிக்கிறானாமே?

கூட்டிப் பாருங்கள். தூக்கம் 8 மணி நேரம். பள்ளியும் போய்வரும் நேரமும் சேர்த்து 9. குளிக்க, சாப்பிட, வீட்டில் ஒருவரோடு நாலு வார்த்தை பேச 2. மிச்சம் 5 மணி நேரம்தான். பள்ளி நாளில் பத்து மணி நேரம் என்றால், ஒன்று அவன் தூங்குவதில்லை, இல்லையென்றால் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தையெல்லாம் படிப்பு என்று எண்ணுகிறான்.

தேர்வு முடிவு வரும் நாளில் டிவியில் பேட்டி கொடுக்கும் பிள்ளைகள் சொல்லும் மணிக்கணக்கும் யாரும் அளந்து பார்த்தது இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு மாலை உங்களை நீங்களே அளந்து பாருங்கள். ஸ்டாப்வாட்ச் வையுங்கள். எழுந்தால், செல்போனை எடுத்தால், ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தால் நிறுத்திவிடுங்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்ததற்கு ஒன்றரை மணி நேரம்தான் ஓடியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த ஒன்றரையை இரண்டாக்குவது, மூன்று மணி நேர உட்காரலை ஐந்தாக நீட்டுவதைவிடச் சுலபம்.

நாலு தடவை படித்தேன் சார். ஹாலில் உட்கார்ந்தால் வரவில்லை. ஏன்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. பழகியதும் 'இது எனக்குத் தெரியும்' என்று தோன்றிவிடுகிறது. தேர்வு அறையிலோ புத்தகம் இல்லை, வெள்ளைத்தாள்தான் இருக்கிறது. பார்த்ததும் அடையாளம் தெரிவது ஒரு வேலை, எதையும் பார்க்காமல் மனதிலிருந்து எடுப்பது வேறு வேலை. வீட்டில் முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு ஹாலில் இரண்டாவதைச் செய்யப் போகிறோம்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் இதைச் சோதித்து எழுதினார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சில பகுதிகளை இன்னொரு முறை வாசிக்க வைத்தார்கள். சிலவற்றைத் தாளை மூடிவைத்துவிட்டு நினைவில் உள்ளதை எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்ததுதான் கொஞ்சம் கூடுதலாக நினைவில் இருந்தது: 81 சதவீதம், மற்றது 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி வாசித்ததில் 42.

அந்த ஐந்து நிமிடக் கணக்கையும் கவனியுங்கள். படித்த சூட்டில் அம்மா கேள்வி கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை, அடுத்த வாரம் பள்ளித் தேர்வில் ஏன் திணறுகிறது என்பதற்குப் பதில் அதில் இருக்கிறது.

மூடிவைத்து எழுதுவது என்றால் எப்படி? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஓம் விதி வரும் பகுதியை ஒரு முறை நிதானமாக, புரிந்து படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். ரஃப் நோட்டில் விதியை எழுதுங்கள், சமன்பாட்டை எழுதுங்கள், அலகுகளை எழுதுங்கள். இப்போது புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் நீங்களே திருத்துங்கள். பாதிப் பேர் 'மாறா வெப்பநிலையில்' என்ற சொற்களை விட்டிருப்பார்கள். படிக்கும்போது அந்தச் சொற்கள் கண்ணில் பட்டிருக்கும், மனதில் உட்கார்ந்திருக்காது. நீங்களே சிவப்பில் திருத்திய பிறகு அதை விடமாட்டீர்கள்.

எல்லாவற்றையும் முழு விடையாக எழுத வேண்டும் என்றில்லை, கை வலிக்கும். இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கு வாய்விட்டுச் சொன்னால் போதும். ஐந்து மதிப்பெண் கேள்விக்குத் தலைப்புகளையும் படத்தையும் மட்டும் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு ஒரு முழு விடை நேரம் வைத்து எழுதினால் கையும் வேகம் பிடிக்கும்.

மூன்று மணி நேரம் படிக்கிறீர்கள் என்றால், அதில் பாதியாவது புத்தகம் மூடியிருக்க வேண்டும். மணிக்கணக்கை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் வாரம் இது எரிச்சலாக இருக்கும். 'எனக்கு ஒன்றுமே தெரியவில்லை' என்று தோன்றும். வாசிக்கும்போது அந்த எண்ணம் வராது, அதனால்தான் எல்லோருக்கும் வாசிப்பது பிடித்திருக்கிறது.

படித்தது ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவோ?

இல்லை. எல்லோருக்கும் மறக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் எழுதினார். மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் வேகமாக நடக்கிறது, அப்புறம் மெதுவாகிறது. நடுநடுவே திரும்பத் தொட்டால் நினைவு நீடிக்கிறது.

இதை வைத்து ஒரு எளிய ஏற்பாடு செய்யலாம். திங்கட்கிழமை ஒரு பகுதி படித்தால், செவ்வாய் மாலை புதிய பாடம் தொடங்கும் முன் பத்து நிமிடம் அதை மூடிவைத்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. ஒரே நாளில் நான்கு மணி நேரம் போட்டு ஒரு பாடத்தை முடிப்பதைவிட, அதே நான்கு மணி நேரத்தை நான்கு நாட்களாகப் பிரிப்பது மேல்.

நம் பள்ளி ஆண்டே இதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, அப்புறம் திருப்புதல் தேர்வுகள். காலாண்டு முடிந்ததும் அந்தப் பாடங்களைக் கட்டிவைத்துவிடுவதால்தான் ஜனவரியில் எல்லாம் புதிதாகத் தெரிகிறது.

கணக்குக்கும் இதேதானா?

கணக்குக்குக் கொஞ்சம் வேறு. வழிமுறையை மனப்பாடம் செய்பவர்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை, அது அவர்களுக்கே தெரியும். நன்றாகப் போடுகிறவர்களும் தடுமாறும் ஒரு இடம் உண்டு. பத்தாம் வகுப்பு அளவியலை எடுத்துக்கொள்ளுங்கள். கூம்பு கணக்கு பத்தும் வரிசையாகப் போடுகிறோம். மூன்றாவது கணக்கிலேயே கை தானாக ஓட ஆரம்பித்துவிடும். கூம்பா, இடைக்கண்டமா, அரைக்கோளமா என்று யோசிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. பயிற்சியின் தலைப்பே சொல்லிவிடுகிறது. வினாத்தாளில் தலைப்பு இருக்காது.

ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-ல் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்து எழுதினார்கள், அதுவும் கனஅளவுக் கணக்குகளை வைத்தே. ஒரே வகையை வரிசையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வரிசைக்காரர்கள் 20 சதவீதம், கலந்து போட்டவர்கள் 63 சதவீதம்.

எனவே புதிய பாடத்தை முதல் நாள் வரிசையாகவே போடுங்கள். மறுநாளிலிருந்து கலந்து போடுங்கள்: அளவியலில் இரண்டு, முக்கோணவியலில் ஒன்று, தொடர்வரிசையில் ஒன்று. புத்தகத்தில் கண்ணை மூடிக்கொண்டு பக்கம் புரட்டி எடுத்தாலும் சரிதான். அப்புறம், யூடியூபில் கணக்கு போடுவதைப் பார்ப்பது கணக்கு போடுவது ஆகாது. ரசம் வைக்கிற வீடியோவை எத்தனை தடவை பார்த்தாலும் புளி கரைத்துப் பழகியவர்கள் ஆகிவிட மாட்டோம். பாதியில் நிறுத்துங்கள், மீதியை நீங்கள் போடுங்கள், பிறகு மீதி வீடியோவை ஓட்டுங்கள்.

கலர் பேனாவால் கோடு போட்டுப் படிக்கிறேன். நல்லதுதானே?

கெடுதல் இல்லை, பலனும் குறைவு. அமெரிக்க உளவியலாளர் ஜான் டன்லாஸ்கி குழுவினர் 2013-ல் பத்து விதமான படிப்பு முறைகளை அலசி வரிசைப்படுத்தினார்கள். கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் கீழ்த்தட்டில் வந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே. பக்கம் முழுக்க மஞ்சளாக இருக்கும் புத்தகத்தைப் பார்த்தால், எது முக்கியம் என்று முடிவு செய்யாமலே கோடு போட்டிருக்கிறார்கள் என்றுதான் தெரிகிறது.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தால்தான் மனதில் நிற்குமாமே?

ராத்திரி எட்டரைக்குத் தூங்குகிற பிள்ளையாக இருந்தால் தாராளமாக எழுப்புங்கள். பதினொன்றரைக்குப் படுக்கிற பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் நாலரை மணி நேரத் தூக்கம். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது. படித்தவை நினைவில் பதிவதற்குத் தூக்கமும் உதவுகிறது. அதைக் குறைத்துவிட்டுப் படிப்பைக் கூட்டுவதால் லாபம் இல்லை.

பருவ வயதில் உடலின் கடிகாரமே கொஞ்சம் தள்ளிப்போகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்குத் தூங்கிய பிள்ளைக்குப் பதினாறு வயதில் பதினொரு மணிவரை தூக்கம் வராமல் இருப்பது திமிரோ சோம்பலோ அல்ல. பிளஸ் டூவுக்கு நான் சொல்வது: பத்து, பத்தேகாலுக்குப் படுக்கை, ஆறு, ஆறேகாலுக்கு எழுவது. காலையில் அரை மணி நேரம் கிடைத்தால், நேற்றுப் படித்ததை மூடிவைத்து எழுதுங்கள். புதிய பாடம் வேண்டாம்.

ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்காரலாம்?

முப்பது முதல் ஐம்பது நிமிடம், பிறகு ஐந்து பத்து நிமிடம் எழுந்து நடப்பது. இருபத்தைந்து நிமிடத்துக்கு அலாரம் வைக்கும் பொமடோரோ முறை சிலருக்கு ஒத்துவரும். கணக்கு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடித்தால் கண்டுகொள்ளாதீர்கள். இடைவேளையில் செல்போன் மட்டும் வேண்டாம், ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகிவிடும்.

ஹோம்வொர்க்கே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. செல்போனை எப்படி ஒதுக்குவது?

வந்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனை வேறு அறையில், முடிந்தால் பெரியவர்கள் கையில், கொடுத்துவிடுங்கள். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது. பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடு வீடியோக்களைப் பார்க்க வேண்டுமென்றால், அதற்கென்று ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு மொத்தமாகப் பார்க்கலாம். பெற்றோரும் அந்த நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து ரீல்ஸ் ஓட்டாமல் இருந்தால் நல்லது. சத்தத்தைக் குறைத்தாலும் வெளிச்சம் தெரிகிறது.

எங்கள் வீடு ஒரே அறை. டிவி ஓடும். தம்பி, தங்கை இருக்கிறார்கள். கடையிலும் உதவி செய்ய வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு எங்கே போவேன்?

மூன்று மணி நேரம் கிடைக்காதவர்களுக்குத்தான் மேலே சொன்ன முறை அதிகம் உதவும். நாற்பது நிமிடம் கிடைத்தால் நாற்பது நிமிடமும் புத்தகத்தை மூடி எழுதுங்கள். பள்ளியிலேயே முடிக்கக்கூடியதைப் பள்ளியில் முடியுங்கள். டீச்சர் நடத்திய பாடத்தை மதிய இடைவேளையில் ஐந்து நிமிடம் நண்பனுக்குச் சொல்லிக் காட்டுங்கள். ஃப்ரீ பீரியடில் ஒரு மதிப்பெண் கேள்விகள். பஸ்ஸில் போகும்போது சூத்திரங்களை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள், கையில் புத்தகமே வேண்டாம்.

மாலையில் பள்ளி வகுப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பல அரசுப் பள்ளிகளில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு மாலைப் படிப்பு நடக்கிறது. ஊரில் கிளை நூலகம் இருந்தால் அதுவும் நல்ல இடம். எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக அரசு 2021-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியதே, கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதமாவது கடை வேலையிலிருந்து விடுங்கள். பெண்பிள்ளைகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அண்ணன் படிக்கும்போது தங்கை பாத்திரம் தேய்க்கும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன்.

நீட்டுக்கும் படிக்க வேண்டும். இரண்டையும் எப்படி?

நீட் தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடம், மொத்தம் 720 மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். உயிரியலுக்கு மட்டும் 90 கேள்விகள். பிளஸ் டூ பொதுத்தேர்விலோ ஒரு பாடத்துக்கு 70 மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம், அதில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 15, 16-தான், மற்றதெல்லாம் விரிவாக எழுத வேண்டியவை. பாடம் பெரும்பாலும் ஒன்றுதான், கேட்கும் விதம் வேறு. ஆகவே ஒரு பாடத்தைப் படித்ததும் அன்றே அந்தப் பாடத்தின் ஐந்து மதிப்பெண் விடை ஒன்றையும், கொள்குறி வினாக்கள் இருபதையும் சேர்த்துச் செய்யுங்கள். காலையில் நீட், மாலையில் போர்டு என்று இரண்டு தனிப் படிப்பாக வைத்துக்கொண்டால் நேரம் போதாது. பிளஸ் ஒன் பாடமும் நீட்டில் வருகிறது, பிளஸ் டூ தொடங்கியதும் அதை அட்டைப்பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

எனக்கு சென்டம் எல்லாம் வேண்டாம். கணக்கில் பாஸ் ஆனால் போதும்.

சரி, அதற்கும் வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் தேர்ச்சிக்கு 35. வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு: வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று. இரண்டும் சேர்ந்து 16. இவை மட்டுமே 30 மதிப்பெண். எல்லாம் முழுதாகக் கிடைக்காது என்று வைத்துக்கொண்டாலும், கூட நாலைந்து இரண்டு மதிப்பெண் கேள்விகள் எழுதினால் தாண்டிவிடலாம்.

தினமும் நாற்பது நிமிடம் இதற்குப் போதும். ஒரு நாள் ஒரு வரைபடம், மறுநாள் ஒரு வடிவியல், இரண்டு நாளும் ஒரு மதிப்பெண் கேள்விகள் பத்து. பென்சிலைக் கூராக வைத்துக்கொள்ளுங்கள், அளவுத்திட்டம் எழுத மறக்காதீர்கள். இப்படித் தொடங்கும் பிள்ளைகளில் பலர் ஜனவரிக்குள் புள்ளியியலையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஞாபகசக்திக்கு லேகியம், மாத்திரை?

காசை மிச்சப்படுத்துங்கள். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காமல் இருந்தாலே போதும்.

பெற்றோர் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? 'படி, படி' என்று சொன்னால் சண்டை வருகிறது.

'படித்தாயா?' என்று கேட்டால் 'ம்' என்றுதான் பதில் வரும். 'இன்றைக்கு எதை எழுதிப் பார்த்தாய், காட்டு' என்று கேளுங்கள். ரஃப் நோட்டில் சிவப்புத் திருத்தங்கள் இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். தப்பு இருக்கிறதே என்று திட்டாதீர்கள், தப்பு தெரிவதற்காகத்தான் அதை எழுதுகிறார்கள். பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புத்தகத்தை நீங்கள் வைத்துக்கொண்டு பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அம்மாக்கள்கூட இதை நன்றாகச் செய்கிறார்கள்.

பள்ளி விட்டு வந்தவுடன் உட்காரவைக்காதீர்கள். ஒரு மணி நேரம் விளையாடட்டும், தின்னட்டும், சும்மா இருக்கட்டும்.

புத்தகத்தை எடுத்தாலே நெஞ்சு படபடக்கிறது. தூக்கம் வரவில்லை.

இது நேர அட்டவணையால் தீரும் விஷயம் இல்லை. வீட்டிலோ பள்ளியிலோ நீங்கள் நம்பும் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். தேர்ச்சி பெறாமல் போனாலும் அதே ஆண்டிலேயே துணைத் தேர்வு உண்டு, பாஸ் ஆனால் அதே வருடமே மேலே சேர முடியும். மார்ச் மாதத்தில் இதை யாரும் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொன்னால் படிக்கமாட்டார்கள் என்று பயம். சொல்லுங்கள்.

தேர்வுக்கு முந்தைய நாள் எவ்வளவு படிக்கலாம்?

நான்கைந்து மணி நேரம், அதுவும் பழையதை மட்டும். இதுவரை தொடாத பாடத்தை அன்று தொட வேண்டாம். உங்கள் ரஃப் நோட்டில் சிவப்புத் திருத்தம் உள்ள இடங்களை மட்டும் பாருங்கள், மற்றவை உங்களுக்குத் தெரியும். இரவு ஒன்பதுக்குள் ஹால் டிக்கெட், இரண்டு பேனா, பென்சில், ஸ்கேல், கணக்கு என்றால் ஜியாமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். காலையில் பள்ளி வாசலில் 'இதைப் படித்தாயா, அதைப் படித்தாயா' என்று கேட்கும் நண்பர்களிடமிருந்து தள்ளி நில்லுங்கள். உள்ளே வினாத்தாளைப் படிப்பதற்கென்று 10 நிமிடம் தருகிறார்கள். பலர் அதில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்திலிருந்து படித்து வாருங்கள். பெரிய கேள்விகளில் எதை எழுதுவது, எதை விடுவது என்ற முடிவை அந்தப் பத்து நிமிடத்திலேயே எடுத்துவிட்டால், எழுதும் மூன்று மணி நேரத்தில் யோசனைக்கு நின்று போகும் நேரம் குறையும்.